பாதியில் நிற்கும் 'புயலிலே ஒரு தோணி'யை எப்படித் தொடர்வது?

யாங்கோனிலிருந்து, அதாவது பழைய ரங்கூனிலிருந்து, ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எட்டு ஒன்பது பேர் ஒரு வீட்டில் கூடி ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை வாசிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். பாதிப் பேர் ஐம்பது அறுபதைத் தாண்டியவர்கள். தமிழ் சரளமாகப் பேசுவார்கள், ஆனால் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள். மற்றவர்கள் இளையவர்கள். பர்மியப் பள்ளியில் படித்துவிட்டு, கோயிலில் நடக்கும் வகுப்பில் தமிழ் கற்றவர்கள். ஆளாளுக்கு வீட்டில் படித்துவிட்டு வந்து பேசுவது என்று ஏற்பாடு. மூன்றாம் கூட்டத்திலேயே ஆள் பாதியாகிவிட்டது. யார் பேசுகிறார்கள் என்று தெரியவில்லை, கதை எங்கே போகிறது என்று புரியவில்லை, மலாயும் டச்சும் நடுநடுவே வருகிறது என்பதெல்லாம் புகார். இதை விட்டுவிட்டுச் சுலபமான ஒரு நாவலுக்குப் போகலாமா, அல்லது இதையே முடிக்க வழி உண்டா என்று கேட்கிறார்.

விட வேண்டாம். ஆனால் வீட்டில் படித்துவிட்டு வரும் ஏற்பாட்டை இந்த வாரத்தோடு நிறுத்திவிடுங்கள். கூட்டத்திலேயே, சத்தமாக, ஆள் மாற்றி ஆள் வாசியுங்கள். இது ஒன்றைச் செய்தாலே பாதிப் புகார் தானாகப் போய்விடும். ஏன் என்று சொல்வதற்கு முன்னால் எழுதியவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சிங்காரம் 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். 1938இல், பதினெட்டு வயதில், சுமத்ராவில் இருக்கும் மேடான் நகருக்கு ஒரு வட்டிக்கடை வேலைக்காகப் போனார். போர்க்காலத்தை அந்தப் பக்கத்தில்தான் கழித்தார். போர் முடிந்து ஊர் திரும்பியதும் மதுரை 'தினத்தந்தி'யில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே வேலை பார்த்தார். மதுரை ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் தனியாக ஓர் அறையில் வாழ்ந்தவர். இலக்கியக் கூட்டம், எழுத்தாளர் நட்பு எதுவும் கிடையாது. எழுதியது இரண்டே நாவல். 'கடலுக்கு அப்பால்' கலைமகள் போட்டியில் பரிசு பெற்று 1959இல் வந்தது. 'புயலிலே ஒரு தோணி'யை 1962 வாக்கில் எழுதி முடித்தும், பதிப்பாளர் கிடைக்காமல் பத்து வருடம் கிடந்து, 1972இல்தான் கலைஞன் பதிப்பகம் வழியாக வெளிவந்தது. வந்த பிறகும் நெடுநாள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அந்தச் சலிப்பில் அவர் மூன்றாவது நாவல் எழுதவே இல்லை. 1997இல் காலமானார். இன்று தமிழின் மிக முக்கியமான நாவல்களைப் பட்டியல் போடும் எவரும் இதைத் தாண்டிப் போக முடியாது.

இதையெல்லாம் சொல்லக் காரணம் உண்டு. உங்கள் குழுவில் யாராவது, 'இது நம்ம கதைப் புத்தகம் மாதிரியே இல்லையே' என்றால் ஆமாம் என்று ஒத்துக்கொள்ளுங்கள். சிங்காரம் நாவல் என்பதை மெட்ராஸ் வாரப்பத்திரிகைத் தொடர்களிலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. மேடானில் கிடைத்த ஆங்கிலப் புத்தகங்களிலிருந்து கற்றுக்கொண்டார். அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வேயை, அதிலும் 1929இல் வந்த 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' என்ற முதல் உலகப்போர் நாவலை, சிங்காரத்துக்கு மிகவும் பிடிக்கும். தொடர்கதையில் வளர்ந்த வாசகர் அத்தியாய முடிவில் ஒரு கொக்கியை எதிர்பார்ப்பார். யார் நல்லவன், யார் கெட்டவன் என்று ஆசிரியர் காதில் சொல்வார் என்று காத்திருப்பார். இங்கே இரண்டும் கிடைக்காது. 1920களில் ஆங்கிலத்தில் நாவல் எழுதிய ஜாய்சும் வர்ஜீனியா வுல்ஃபும் செய்ததைப் போல, ஒருவன் தெருவில் நடக்கும்போது அவன் மண்டைக்குள் என்னவெல்லாம் ஓடுமோ அதெல்லாம் வாக்கியத்துக்குள் வந்துவிடும். கடைப் பெயர், பழைய பாட்டின் அரை வரி, ஊரில் பார்த்த ஒரு முகம், எதிரே வருகிறவனின் சட்டை என்று எல்லாம் ஒரே மூச்சில் வரும். யாருடைய குரல் என்று அறிவிப்பு இருக்காது.

கண்ணால் படிக்கும்போது இது குழப்பும். காதால் கேட்டால் அவ்வளவு குழப்பாது. பேச்சை யார் பேசுகிறார்கள் என்பதைத் தமிழ்க் காது சட்டென்று பிடித்துவிடும். செட்டிநாட்டு ஆள் பேசுவதும் மதுரைக்காரன் பேசுவதும் கப்பல்காரன் பேசுவதும் பக்கத்தில் ஒரே அச்சில் கிடக்கும். வாய்விட்டுச் சொன்னால் தனித்தனியாகப் பிரிந்துவிடும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் உங்கள் பெரியவர்கள் இந்த இடத்தில்தான் குழுவின் பலம். எழுத்து அவர்களுக்குத் தடை, பேச்சு தடையே இல்லை. இளையவர் வாசிக்கட்டும், பெரியவர் கேட்கட்டும். 'இங்கே ஆள் மாறிட்டான்' என்று முதலில் சொல்வது அவர்களாகத்தான் இருக்கும். நான் இந்த நாவலைச் சேர்ந்து வாசித்த இடத்திலும் அப்படித்தான் நடந்தது. புத்தகத்தைத் தொடாமல் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாதான், ஒரே பத்தியில் மேடானிலிருந்து மதுரைக்குத் தாவியதை எங்களுக்கெல்லாம் முன்னால் கண்டுபிடித்தார்.

அடுத்து, கதையை மொத்தமாக வரும் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். முடிவையும் சேர்த்து. சிலர் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. இந்த நாவலில் அடுத்து என்ன நடக்கும் என்பதற்காகப் படித்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். சுருக்கம் இவ்வளவுதான்: பாண்டியன் மேடானில் வட்டிக்கடையில் வேலை பார்க்கும் இளைஞன். ஜப்பானியர் நகருக்குள் நுழைவதில் நாவல் தொடங்குகிறது. பழைய ஒழுங்கு ஒரே நாளில் சரிகிறது; கொள்ளை நடக்கிறது, அதற்கு ஜப்பானியர் கொடுக்கும் தண்டனை குரூரமாக இருக்கிறது. பாண்டியன் தொங்கான் என்னும் சரக்குக் கப்பலில் மலாக்கா நீரிணையைக் கடந்து பினாங்குக்குப் போகிறான், வழியில் புயல். பினாங்கில் வியாபாரம், நண்பர்கள், குடி, பேச்சு. அப்புறம் இந்திய தேசிய ராணுவம். ஜப்பான் சரணடைந்து ராணுவம் கலைந்ததும் ஊருக்குப் போகாமல் சுமத்ராவுக்குத் திரும்பி, டச்சுக்காரர்களை எதிர்க்கும் இந்தோனேசியர்களோடு சேர்ந்து கெரில்லாவாகிறான். ஊர் திரும்பலாம் என்று அவன் முடிவெடுக்கும் நேரத்தில் டச்சுக்காரர்கள் சுட்டுக் கொல்கிறார்கள். இது தெரிந்துவிட்டால், 'கதை எங்கே போகிறது' என்ற பதற்றம் போய், வரி வரியாகக் கேட்க மனசு வரும்.

ஒரு வரைபடமும் வேண்டும். பெரிய காகிதத்தில் சுமத்ரா, மலேயா, நடுவே நீரிணை. மேடான், அதன் துறைமுகமான பெலவான், எதிர்க்கரையில் பினாங்கு. நேர்க்கோட்டில் 250 கிலோமீட்டர் சுமார் வரும். மேலே, வடக்கே, நீங்கள் இருக்கும் ரங்கூனையும் போட்டுவிடுங்கள். சுவரில் ஒட்டிவைத்தால் போதும். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவருக்கு ஒரே வேலை கொடுங்கள்: பாண்டியனின் உடம்பு இப்போது எங்கே இருக்கிறது, மனசு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் அவர் கவனிக்க வேண்டும். உடம்பு மேடான் தெருவில் நடக்கும்போது மனசு மதுரை வீதியில் அலையும், சின்னமங்கலம் சந்தையில் நிற்கும். வாசிப்பவர் மூச்சு வாங்கும் இடத்தில் அந்த ஆள், 'இப்போ மதுரை' என்று ஒரு சொல் சொன்னால் போதும். விளக்கம் கூடாது. விளக்கத் தொடங்கினால் பாடம் நடத்துகிற மாதிரி ஆகிவிடும், இளையவர்கள் அடுத்த வாரம் வர மாட்டார்கள்.

மலாய், டச்சுச் சொற்களைப் பற்றிய புகாரை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ரங்கூன் வாசகர் இதைச் சொல்வதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. நீங்கள் வீட்டில் பேசும் தமிழில் எத்தனை பர்மியச் சொல் கலக்கிறது என்று ஒரு மணி நேரம் கவனித்துப் பாருங்கள். சந்தையில் விலை கேட்பதிலிருந்து பக்கத்து வீட்டுக்காரரை அழைப்பதுவரை. பிரேசர் தெரு என்று பெரியவர் சொல்வார், அனவ்ரதா என்று பேரன் சொல்வான், இரண்டு பேரும் ஒரே இடத்துக்குத்தான் போவார்கள். மேடானில் கெர்க் ஸ்ட்ராட், மொஸ்கி ஸ்ட்ராட் என்று டச்சுத் தெருப்பெயர்களைத் தமிழ் வாயில் போட்டு உருட்டுகிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றுதான். மதுரையிலும் சென்னையிலும் இருக்கும் வாசகருக்கு அந்த மொழி ஒரு வினோதம். உங்களுக்கு அது தினசரி நடப்பு. ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி தேடாதீர்கள். சூழலில் புரிந்தால் புரியட்டும், இல்லாவிட்டால் சத்தமாக மட்டும் இருந்துவிட்டுப் போகட்டும். பாண்டியனுக்கும் மேடானில் முதல் நாளில் அப்படித்தான் கேட்டிருக்கும்.

வட்டிக்கடைப் பகுதியிலோ நீங்கள் இன்னும் ஒரு படி முன்னால் இருக்கிறீர்கள். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்ற கடை ஆட்களின் பெயர்களும், மார்க்கா, கிட்டங்கி போன்ற கடைச் சொற்களும் தமிழ்நாட்டு இளைஞருக்கு இன்று அடிக்குறிப்புப் போட்டு விளக்க வேண்டிய விஷயம். ரங்கூன் மொகல் தெருவைச் சுற்றி, அதாவது இன்றைய ஷ்வே பொந்தா தெருவில், செட்டியார் லேவாதேவி எவ்வளவு நெருக்கமாக இருந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குக் கேள்வி ஞானமாவது இருக்கும். 1930க்கு முன்னால் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு ஆறு பங்குதான். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் திரும்பாமல் நிலம் கைமாறி, 1937 வாக்கில் அது நான்கில் ஒரு பங்கானது. அதனால் வந்த கசப்பு பர்மியர் மனசில் எவ்வளவு ஆழமாகப் போனது என்பதும் உங்களுக்குத் தெரியும். மேடான் வட்டிக்கடையில் உட்கார்ந்திருக்கும் பையனை இந்த ஞாபகத்தோடு பார்க்கும்போது, ஊர்ப்பற்று மட்டும் வைத்துப் பார்க்கிறவருக்குத் தெரியாத ஒன்று தெரியும். கடன் வாங்குகிறவர் பக்கத்திலிருந்து அந்தக் கடை எப்படித் தெரிந்திருக்கும் என்ற கேள்வியை உங்கள் இளையவர்களே எழுப்புவார்கள். நாவல் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை. அதையும் சொல்லுங்கள்.

தேதிகளைச் சொன்னால் கூட்டம் சட்டென்று நிமிர்ந்து உட்காரும். ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது 1942 மார்ச் 8. மேடானுக்குள் அவர்கள் நுழைந்தது அதே மாதம் 13. ஒரு வாரம்கூட இடைவெளி இல்லை. நாவலின் முதல் அத்தியாயத்தில் மேடான் தெருவில் நிற்கும் அந்தக் கூட்டம் வேடிக்கை பார்க்கும் அதே நாட்களில், பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் இந்தியாவை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். பிரோமிலிருந்து தாங்கப் கணவாய் வழியாக அரக்கான் பக்கம் சிலர், தாமு வழியாக மணிப்பூருக்குச் சிலர். 1941 டிசம்பர் 23இல் ரங்கூன் மேல் விழுந்த குண்டுகளோடு அது தொடங்கியது. பிறகு நேதாஜி 1943 ஜூலையில் சிங்கப்பூரில் தலைமை ஏற்றதும், 1944 ஜனவரியில் தலைமையகம் ரங்கூனுக்கு வந்ததும், இம்பால் போர் தோற்றபின் 1945 ஏப்ரல் 24இல் அவர் அங்கிருந்து கிளம்பியதும் உங்கள் வீடுகளில் பேசப்படுகிற வரலாறு. நாவலின் களம் பெரும்பாலும் மேடானும் பினாங்கும்தான் என்றாலும், இந்தப் பின்னணி உங்களுக்கு உள்ளங்கையில் இருக்கிறது.

இங்கேதான் ஓர் ஆபத்து. உங்கள் குழு இதுவரை புத்தகம் புரியாமல் தடுமாறுகிறது. சத்தமாக வாசிக்க ஆரம்பித்து, தேதியும் வரைபடமும் வந்துவிட்டால் அடுத்த கஷ்டம் வேறு மாதிரி வரும். முதல் பக்கம் முடிவதற்குள் யாராவது, 'எங்க தாத்தா சொல்வார்...' என்று தொடங்குவார். அவர் முடித்ததும் இன்னொருவர். மாலை முழுவதும் அருமையான கதைகள் வரும், புத்தகம் திறந்தபடி மேசையில் கிடக்கும். கூட்டம் கலைந்தால் எல்லோருக்கும் நிறைவாகத்தான் இருக்கும். ஆனால் நாவல் நகராது. அதைவிட மோசம், நாவலை ஒரு சான்று ஆவணமாக நினைக்கும் பழக்கம் வந்துவிடும். 'இது உண்மையிலேயே நடந்ததா?' என்ற கேள்வி ஒன்றுதான் மிஞ்சும். சிங்காரம் பார்த்ததை வைத்து எழுதினார், சரி. ஆனால் எழுதியது அறிக்கை கிடையாது. பார்த்த தெருவை எந்த வரிசையில், எந்த வேகத்தில், எதை விட்டுவிட்டுச் சொன்னார் என்பதில்தான் அவருடைய கை இருக்கிறது.

அதனால் முதல் ஒரு மணி நேரம் புத்தகம் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேநீர் வந்த பிறகு தாத்தா கதைகள் வரட்டும், அதை ஒருவர் செல்போனில் பதிவு செய்துகொள்ளட்டும். அந்தக் கதைகள் மிகவும் மதிப்புள்ளவை, சொல்ல ஆள் இருக்கும்போதே பிடித்துவைக்க வேண்டியவை. ஆனால் தனிக் கணக்கில்.

வாசிப்பின் வேகம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சின்ன அத்தியாயங்கள் உண்டு, இரண்டு மூன்றை ஒரே மாலையில் முடிக்கலாம். தொங்கான் புயலில் சிக்கும் அத்தியாயத்தை மட்டும் தனியாக வையுங்கள். அன்றைக்கு வேறு எதுவும் வேண்டாம். உங்களில் நன்றாக வாசிக்கக்கூடிய ஒருவரை முன்கூட்டியே வீட்டில் வாய்விட்டுப் பழகிவரச் சொல்லி, நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் கேளுங்கள். வாக்கியங்கள் உடைந்து, வினைச்சொல் உதிர்ந்து, வெறும் பெயர்களும் ஓசைகளும் மோதிக்கொள்ளும் இடம் அது. தமிழ் உரைநடையில் கடல் அவ்வளவு சத்தத்தோடு வேறெங்கும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. அதைக் கேட்ட பிறகு, 'இவர் ஏன் ஒழுங்காக எழுதவில்லை' என்று யாரும் கேட்க மாட்டார்கள். உங்கள் ஊரில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது என்பதால் கையில் ஒரு டார்ச் இருக்கட்டும். பாதியில் நிறுத்தினால் அந்த அத்தியாயம் வீணாகிவிடும்.

அடுத்த இடறல் பினாங்கில் காத்திருக்கிறது. பாண்டியனும் மாணிக்கமும் மற்ற நண்பர்களும் குடித்துக்கொண்டு தமிழைப் பற்றிப் பேசும் பகுதிகள். சங்கப் பாட்டு, சிலம்பு, தாயுமானவர் என்று எல்லாவற்றையும் இழுத்துவைத்துக் கிண்டல் செய்வார்கள். தமிழரின் பழம்பெருமைப் பேச்சை உரித்துப் போடுவார்கள். யாங்கோனில் இது வலிக்கும். பள்ளிக்கூடங்கள் அரசுடைமையான பிறகு, கோயில் திண்ணையில் பாய் விரித்து அ, ஆ சொல்லிக்கொடுத்து ஒரு மொழியைக் காப்பாற்றியவர்கள் உங்கள் பெரியவர்கள். 'நாங்க படாத பாடு பட்டு வளர்த்தா, இவர் குடிச்சிட்டுக் கேலி பண்றாரே' என்று ஒருவராவது சொல்வார். சொல்ல வேண்டும். அந்தச் சண்டையை அடக்காதீர்கள், சமாதானமும் செய்யாதீர்கள். இரண்டு காரியம் மட்டும் செய்யுங்கள். கேலி செய்யப்படும் மூலப் பாட்டு யாருக்காவது தெரிந்தால் முதலில் அதைப் பாடவோ சொல்லவோ சொல்லுங்கள். மூலம் தெரியாவிட்டால் பகடி காற்றில் போய்விடும். அப்புறம், இதைச் சொல்வது யார் என்று கேளுங்கள். சிங்காரமா, பாண்டியனா, உள்ளே போன சாராயமா? ஆசிரியர் பக்கத்தில் நின்று தீர்ப்புச் சொல்லாமல் ஒதுங்கிவிடுகிறார். அந்த ஒதுங்கல்தான் பழைய நாவலுக்கும் இதற்கும் நடுவே இருக்கும் பெரிய வித்தியாசம். உங்கள் குழுவில் மூன்று பேர் மூன்று பதில் சொன்னால் அன்றைய கூட்டம் நன்றாக நடந்தது என்று அர்த்தம்.

இளையவர்கள் பேசும்போது பர்மியத்தில் பேசினால் தடுக்காதீர்கள். வாசிப்பது தமிழில் நடக்கட்டும், விவாதம் எந்த மொழியில் வந்தாலும் வரட்டும். யோசனை எந்த மொழியில் ஓடுகிறதோ அதில்தான் துணிச்சலாகக் கருத்துச் சொல்ல முடியும். தமிழில் மட்டும்தான் பேச வேண்டும் என்று சட்டம் போட்ட குழுக்களில் இளையவர்கள் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

பெண்களைப் பற்றிய பகுதிகளை நீங்கள் கேள்வியில் குறிப்பிடவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்தப் பக்கங்கள் வரும்போது ஆட்கள் மறுபடி குறையலாம். விலைமாதர் வீடுகள், தெருவில் போகும் பெண்களை ஆண்கள் அளந்து பார்க்கும் பார்வை எல்லாம் வெளிப்படையாகவே வரும். அம்மாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் இடத்தில் இது சங்கடம்தான். பக்கங்களைத் தாண்டிப் போக வேண்டாம் என்பது என் கட்சி. முந்திய வாரமே, 'அடுத்த அத்தியாயம் இப்படி' என்று சொல்லிவிடுங்கள், வேண்டாதவர் அன்று தாமதமாக வரட்டும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த நாவலில் பெண்கள் வலுவாக எழுதப்படவில்லை. ஆண்களுக்கு இருக்கும் மண்டைக்குள் ஓடும் ஓட்டம் எந்தப் பெண்ணுக்கும் கிடைக்கவில்லை. போர்க்காலத்து வட்டிக்கடை உலகம் ஆண்கள் உலகம் என்று சமாதானம் சொல்லலாம், எனக்கு அது போதவில்லை. பெரிய நாவலில் பெரிய ஓட்டை இருக்கலாம். உங்கள் குழுவில் இருக்கும் பெண்கள் அதைச் சுட்டிக்காட்டினால், 'கிளாசிக்கைக் குறை சொல்லக் கூடாது' என்று யாரும் வாயடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராணுவப் பகுதி வரும்போது நேதாஜி படம் மாட்டிய வீட்டில்தான் உட்கார்ந்து வாசிப்பீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே வீரவணக்கம் எதிர்பார்க்கிறவருக்கு நாவல் கொஞ்சம் குளிர்ச்சியாகப் படும். அதில் வரும் சிப்பாய்கள் குடிக்கிறார்கள், சலிக்கிறார்கள், ஊரை நினைக்கிறார்கள். பாண்டியன் எந்தக் கொள்கைக்காக அங்கே போனான் என்று தெளிவாகச் சொல்லவே முடியாது. இந்தப் பகுதியை வேகமாகக் கடந்தால் தப்பில்லை. நாவலில் செய்தி மிகுந்து, எழுத்து சற்றுத் தளரும் இடங்கள் இங்கே உண்டு.

கடைசிப் பகுதிக்கு மட்டும் நேரம் வையுங்கள். போர் முடிந்துவிட்டது. கப்பல் ஏறி ஊருக்குப் போகலாம். போகவில்லை. 1945 ஆகஸ்ட் 17இல் விடுதலையை அறிவித்துவிட்டு, 1949 முடியும்வரை டச்சுக்காரர்களோடு இழுபறியில் இருந்த ஒரு நாட்டின் சண்டையில், அந்த நாட்டுக்காரனே இல்லாத ஒருவன் போய்ச் சேருகிறான். ஏன்? உங்கள் குழு அதிக நேரம் பேசப்போவது இந்தக் கேள்வியைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. 1942இல் நடந்து போகாமல் தங்கியவர்களின் பிள்ளைகளும், 1964இல் கடைகள் அரசுடைமையாகி, ஐம்பது நூறு கியாத் நோட்டுகள் செல்லாமல் போய், மூன்று லட்சம் பேர் அளவுக்குக் கிளம்பியபோதும் கப்பல் ஏறாதவர்களும் உங்கள் அறையில் இருப்பார்கள். தங்கியதற்கு அவர்களிடம் ஒரே காரணம் இருக்காது. பாண்டியனிடமும் இல்லை. அவன் ஏன் போகவில்லை என்பதற்கு நாவலில் ஒரு வரி விடை தேடிப் புரட்ட வேண்டாம், கிடைக்காது. அவன் ஊரை நினைக்கும் பழைய பக்கங்களுக்குத் திரும்பிப் போய் மறுபடி வாசியுங்கள். சின்னமங்கலமும் மதுரையும் வரும் அந்தப் பகுதிகளை முதல் தடவை கேட்டபோது வெறும் ஏக்கமாகத் தெரிந்திருக்கும். முடிவு தெரிந்த பிறகு கேட்டால், அவன் நினைக்கும் ஊர் எந்த வருடத்து ஊர், அங்கே இப்போது யார் இருக்கிறார்கள் என்று வேறு சந்தேகங்கள் எழும்.

மற்றபடி சில்லறை விஷயங்கள். ஒன்பது பேருக்கும் ஆளுக்கொரு பிரதி தேவையில்லை, மூன்று இருந்தால் போதும். சத்தமாக வாசிக்கும்போது எல்லோரும் குனிந்து தங்கள் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் கேட்பது குறைந்துவிடும். வர முடியாதவருக்கு அன்றைய வாசிப்பை வாய்ஸ் மெசேஜாக அனுப்புங்கள். சுருக்கம் எழுதி அனுப்ப வேண்டாம். சுருக்கத்தை நம்பி ஒரு வாரம் தவறவிட்டவர் அடுத்த வாரமும் தவறவிடுவார். எந்தக் கூட்டத்திலும் ஒருவரே அதிகம் விளக்குகிறவராக ஆகிவிடாமல் பாருங்கள். கேள்வி கேட்ட தம்பிதான் அந்த ஆளாக இருப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம். புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கு அந்த ஆசை வருவது இயற்கை.

'கடலுக்கு அப்பால்' சுலபமாக இருக்கிறதே, முதலில் அதைப் படித்துவிட்டு இதற்கு வரலாமா என்று சிலர் கேட்பார்கள். இரண்டும் ஒரே உலகம், ஒரே காலம்தான். ஆனால் அது நேராகச் சொல்லப்பட்ட காதல் கதை. அந்த ருசியோடு இதற்குள் வந்தால் மறுபடி கதையைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். இதை முடித்துவிட்டு அதற்குப் போங்கள். அதே மனிதர் அதே வட்டிக்கடையை இரண்டு விதமாக எழுதியிருப்பதை அப்போது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டையும் சேர்த்து ஒரே தொகுதியாகவும் பதிப்பு வந்திருக்கிறது. சென்னைக்குப் போய்வருகிறவர்களிடம் பிரதி வாங்கிவரச் சொல்லும்போது அதையே கேளுங்கள்.